ஒன்பது பக்கம்

ஆடிப்பெருக்குக்கு ஊருக்குப் போயிருந்தேன். 2025-ல் ஜூன் 12-லேயே மேட்டூரைத் திறந்துவிட்டதால் பாமணியாற்றில் தண்ணீர் நிறைந்து ஓடியது. படித்துறையில் படையல் முடிந்து வீட்டுக்கு வந்து சித்ரான்னத்தை இலையில் வைத்ததும் அக்கா மகள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "சித்தி, ரெண்டுல எதுல சேரட்டும்?" ஒன்று, லட்சக்கணக்கானவர்கள் வேலை பார்க்கும் மென்பொருள் கம்பெனி. ஆண்டுக்கு 3.6 லட்சம், சேரும் தேதி பிறகு தெரிவிக்கப்படும். இன்னொன்று கும்பகோணத்தில், மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி. மொத்தம் 14 பேர். அரிசி ஆலைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் கணக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். மாதம் 20,000, நாளைக்கே வந்தாலும் சரி. பெரிய கம்பெனியில் 15 வருடம் குப்பை கொட்டிய சித்தி ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவாள் என்று அக்காவும் அத்தானும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது அவள் எண்ணம்.

புரட்டாசி பிறந்துவிட்டது, கேள்வி என்னை விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் நல்லது, அந்தப் பக்கம் கெட்டது என்று எழுதிப் பார்த்தேன். கேன்டீன், கம்பெனி பஸ், ஆன்சைட் என்கிற வெளிநாட்டு வேலை, வருடாந்தர மதிப்பீடான அப்ரைசலில் வரும் சண்டை எல்லாம் எழுதி முடிந்தபின், கடைசியாக மிஞ்சிய பெரிய விஷயத்தை இந்தப் பக்கம் எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்து அதையே அந்தப் பக்கமும் எழுதியிருக்கிறேன் என்று தெரிந்தது. வார்த்தைதான் வேறு. அது என்னவென்று சொல்ல 2022 செப்டம்பருக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் சம்பளத்தைப் பேசிவிடுகிறேன். அக்கா வீட்டில் முதலில் எழுந்த பேச்சு அதுதான்.

பவுன் கணக்கு

2010-ல் தஞ்சாவூரில் பொறியியல் முடித்துவிட்டு நான் வேலையில் சேர்ந்தபோது ஆண்டுக்கு 3 லட்சம். பிடித்தம் போகக் கைக்கு வந்தது 20,000-க்குக் கொஞ்சம் குறைவு. அன்றைக்கு ஒரு பவுன் 15,000 ரூபாய் அளவில் இருந்தது. முதல் மாதச் சம்பளத்தில் அம்மா நீடாமங்கலம் கடைத்தெருவில் ஒரு பவுன் செயின் எடுத்தாள். மிச்சத்தில் சந்தானராமர் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு, தெருவில் எல்லார் வீட்டுக்கும் லட்டு கொடுத்தாள். எங்கள் தெருவில் ஒரு பெண்ணின் சம்பளத்தில் நகை எடுத்தது அதுதான் முதல் தடவை. அம்மா அதைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு மூன்று நாள் கழற்றவே இல்லை.

அக்கா மகளுக்கு 3.6 லட்சம். கைக்கு 26,000 வரலாம். பவுன் 2025-ல் 80,000-ஐத் தாண்டிவிட்டது. அவளுடைய முதல் மாதச் சம்பளத்தில் கால் பவுனும் கொஞ்சமும் வாங்கலாம். தங்கத்தோடு ஒப்பிடுவது நியாயமில்லை என்றால் நெல்லை எடுத்துக்கொள்வோம். 2010-ல் சாதாரண ரகத்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,000 ரூபாய். 2025-26 பருவத்துக்கு 2,369, மாநில அரசின் ஊக்கத்தொகையையும் சேர்த்தால் 2,500. கட்டுப்படியாகவில்லை என்று அப்பா ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் நெல்லே ஏறக்குறைய இரண்டரை மடங்காகிவிட்டது. புதிதாகச் சேரும் மென்பொருள் பிள்ளைகளின் சம்பளம் அதே 15 வருடத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஏறியிருக்கிறது. இதைச் சொன்னபோது அத்தான் நம்பவில்லை. செல்போனை எடுத்து அவரே கணக்குப் போட்டுப் பார்த்தார்.

காரணம் ஒன்றும் மர்மமில்லை. இந்த மாதிரிப் பெரிய கம்பெனிகள் முக்கியமாக விற்பது ஆட்களின் வேலை நேரத்தை. வெளிநாட்டு கிளையண்டுக்கு 20 பேர் கொண்ட அணி என்று விலை பேசினால், அதில் நாலு பேர் அனுபவசாலிகள், மீதிப் பேர் புதியவர்கள். கீழ்வரிசை எவ்வளவு அகலமோ சராசரிச் செலவு அவ்வளவு குறைவு. நம் கல்லூரிகளிலிருந்து வருடா வருடம் பிள்ளைகள் வெளியே வந்துகொண்டே இருக்கும்போது கீழ்வரிசையின் விலையை ஏற்ற வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை. நாலைந்து வருடம் கழித்து வேறு கம்பெனிக்குத் தாவினால் சம்பளம் சட்டென்று ஏறும். தாவாமல் இருந்தால் ஆண்டுக்கு ஆறு, ஏழு சதவீதம். நான் தாவவில்லை.

"அப்புறம் எதுக்குங்க அங்க போகணும்?" என்று அத்தான் கேட்டார்.

கொள்முதல் நிலையம்

2022-ல் மேட்டூரை மே 24-லேயே திறந்தார்கள். அப்பா அந்த வருடம் உற்சாகமாக இருந்தார். எங்களுக்குப் பன்னிரண்டு மா, நாலு ஏக்கர். எல்லாவற்றிலும் குறுவை நட்டு, மழைக்கு முன்னால் அறுத்தும் முடித்துவிட்டார். நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு வரிசைக்காகக் காத்திருந்தார். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். வெயில் வந்தால் பரப்பிக் காயவைக்க வேண்டும், மேகம் கறுத்தால் குவித்துத் தார்ப்பாய் போட வேண்டும். அதற்கு ஆள் வைத்தால் அவன் தூங்கிவிடுவான் என்று ஐந்து ராத்திரி குவியலுக்குப் பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுத்திருந்தார். ஆறாம் நாள் விடியற்காலையில் தார்ப்பாய் முனையில் செங்கல்லைத் தூக்கி வைக்கப் போனவருக்கு வலக்கை எழவில்லை. பக்கத்துக் குவியல்காரர் ஏதோ கேட்டிருக்கிறார். அப்பா சொன்ன பதில் அவருக்குப் புரியவில்லை. அந்த மனிதர் சாமர்த்தியசாலி. வாய் கோணியிருப்பதை டார்ச் அடித்துப் பார்த்து, ஒரு நிமிஷம் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிட்டுவிட்டார்.

எனக்குச் சென்னையில் போன் வந்தபோது மணி ஐந்தே முக்கால். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அம்மாவிடம் முன்பணம் கேட்டார்கள். அம்மாவின் சுருக்குப்பையில் 1,700 ரூபாய். கம்பெனியின் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க மாதாமாதம் என் சம்பளத்தில் பிடிப்பார்கள். வீண் செலவோ என்று அதற்கு முந்தைய வருடம் அதை நிறுத்தப் பார்த்தவள் நான். அந்த அட்டையைச் செல்போனில் அனுப்பினேன். எண்ணைக் குறித்துக்கொண்டார்கள், சிகிச்சையைத் தொடங்கினார்கள். ஊசி மூன்றாவது மணி நேரத்தில் போடப்பட்டது. அப்பா இன்றைக்கு நடக்கிறார் என்றால் அந்தக் குவியல்காரரின் டார்ச்சும் இந்த அட்டையும்தான். பெரிய கம்பெனியை யாராவது லேசாகப் பேசினால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் காலை நேரம். ஆன்சைட் போனது, விருது வாங்கியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மேனேஜருக்குப் போன் செய்தேன். "நீங்க ஊருக்குக் கிளம்புங்க. எவ்வளவு நாள் ஆனாலும் பரவாயில்ல. ஒரு ஹேண்டோவர் டாக்குமெண்ட் மட்டும் போட்டு அனுப்பிடுங்க, நாங்க பாத்துக்குறோம்" என்றார். நல்ல மனிதர். மனதாரச் சொன்னார்.

வடக்கு மடை

அன்று ராத்திரி ஐ.சி.யூ. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, என் வேலையை இன்னொருவர் எடுத்துச் செய்வதற்கான அந்தக் குறிப்பை எழுத ஆரம்பித்தேன். ஒரு வெளிநாட்டு வங்கியின் ராத்திரிக் கணக்குச் சரிபார்ப்பு. அதில் எட்டு வருடமாக இருந்தேன். எந்த வேலை எத்தனை மணிக்கு ஓடும், எது எதற்காகக் காத்திருக்கும், நின்றுபோனால் எந்தக் கோப்பைப் பார்க்க வேண்டும், யாருக்கு மெயில் போட வேண்டும், மாதக் கடைசியில் மட்டும் வரும் அந்தப் பழைய கோளாறுக்கு என்ன செய்ய வேண்டும். ஒன்றையும் விடக்கூடாது என்று யோசித்து யோசித்து எழுதினேன். மூன்றரை மணிக்கு முடிந்தது. ஒன்பது பக்கம். இன்னும் ஏதாவது இருக்கும் என்று கால் மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை. அனுப்பிவிட்டேன்.

காலையில் உள்ளே விட்டார்கள். அப்பாவுக்கு நினைவு இருந்தது, பேச்சு குழறியது. என்னைப் பார்த்ததும் வலி என்றோ பயம் என்றோ சொல்லவில்லை. "வடக்கு மட... வடக்கு மட" என்றார். குறுவைக்கு அடுத்த பயிரான தாளடிக்கு நாற்றங்கால் விட்டிருந்தார். ராத்திரி பெய்த மழையில் நாற்று முழுகியிருக்கும், தண்ணீரை வடிக்க வேண்டும். அதுவரைக்கும் எனக்கே புரிந்தது. தெற்குத் தெருச் சித்தப்பாவுக்குப் போன் போட்டு வடக்கு மடையைத் திறக்கச் சொன்னேன். அவர் போய்த் திறந்துவிட்டார். அப்பா கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார், மறுபடி ஏதோ சொன்னார். நர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னாள். அவர் சொல்ல வந்தது, வடக்கு மடையைத் திறப்பதற்கு முன்னால் கிழக்கு வாய்க்கால் பக்கத்து மடையை அடைக்க வேண்டும் என்பது. அடைக்காமல் திறந்தால் மேட்டு வயல் தண்ணீர் முழுக்க நம் நாற்றங்கால் வழியாகப் போகும். அப்படித்தான் போனது. மூன்றில் ஒரு பங்கு நாற்று அழுகிவிட்டது. குறைந்ததற்கு விலைக்கு வாங்கி நட்டோம். சித்தப்பா நாற்பது வருடமாகப் பக்கத்து வயலில் விவசாயம் செய்கிறவர். அவருக்கே அது தெரியவில்லை.

நான் திரும்பி வேலைக்குப் போனது நாற்பத்தோரு நாள் கழித்து. அந்த நாற்பத்தோரு நாளும் சம்பளம் வந்தது. முதலில் சேர்த்து வைத்திருந்த விடுப்பு, பிறகு ஊரிலிருந்தே அரை நேர வேலை என்று மேனேஜர் ஏற்பாடு செய்து கொடுத்திருந்தார். என் இடத்தில் உட்கார்ந்தவன் இரண்டு வருட அனுபவமுள்ள பையன். ஒரு ராத்திரிகூடக் கணக்கு நிற்கவில்லை. அவன் என்னிடம் கேட்ட சந்தேகம் மொத்தம் மூன்று, மூன்றுக்கும் பதில் டாக்குமெண்டிலேயே இருந்தது. "உங்க ஹேண்டோவர் சூப்பர், இதையே எல்லாருக்கும் மாதிரியா காட்டப் போறோம்" என்றார் மேனேஜர். நன்றி சொல்லிவிட்டுப் பாத்ரூமுக்குப் போய் அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று அன்றைக்கு எனக்கே தெரியவில்லை. அப்பா பிழைத்துவிட்ட நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.

நான் இல்லாவிட்டாலும் நடக்கும். அந்தத் தாளில் இரண்டு பக்கமும் நான் எழுதியிருந்தது இதைத்தான். நான் இல்லாவிட்டாலும் நடக்கும் என்பதால்தான் அப்பாவின் தலைமாட்டில் நாற்பத்தோரு நாள் உட்கார முடிந்தது. 2018-ல் மகள் பிறந்தபோது 26 வாரம் சம்பளத்தோடு வீட்டில் இருந்ததும் அதனால்தான். அந்தச் சட்டம் 10 பேர் வேலை பார்க்கும் இடத்துக்கும் பொருந்தும். ஆனால் 14 பேரில் ஒருத்தி ஆறு மாதம் போனால் அந்த மாடி என்ன ஆகும் என்று அந்த முதலாளி நல்லவராகவே இருந்தாலும் யோசிப்பார், இவளும் யோசிப்பாள். லட்சம் பேரில் ஒருத்தி போனால் யாரும் யோசிக்க வேண்டியதில்லை. அதேபோல, என் ஆயுளில் எட்டு வருடத்தை ஒரு பையன் ஒரு மத்தியானத்தில் படித்து முடித்துவிட்டான் என்பதற்கும் காரணம் அதுதான். ஆளை மாற்றினாலும் வேலை நிற்காது என்று கிளையண்டுக்கு ஒப்பந்தத்தில் உறுதி கொடுத்துத்தான் அந்தக் கம்பெனி பிழைக்கிறது. யாரும் எனக்குத் துரோகம் செய்யவில்லை.

எடைமேடை

கும்பகோணத்து மாடியில் அக்கா மகள் இறுதியாண்டில் இரண்டு வாரம் பயிற்சிக்குப் போயிருந்தாள். ஒருநாள் அவளை அரிசி ஆலைக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு அக்கா லாரி லாரியாக எடையைப் பதிவு செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு லாரிக்கும் திரையில் கீழே வரை இறங்கிப் பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. இவள் அன்று சாயங்காலமே பொத்தானை மேலே கொண்டுவந்துவிட்டாள். மறுநாள் அந்த அக்கா, "யாரு பாப்பா இதை மாத்துனது? மகராசி, நல்லா இருப்ப" என்று போனில் சொல்லியிருக்கிறார். இதைச் சொல்லும்போது அக்கா மகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. 15 வருடத்தில், நான் எழுதியதைப் பயன்படுத்தும் ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. எனக்குக் கிடைத்த பாராட்டெல்லாம் எனக்கு மேலே இருந்தவர்களிடமிருந்து வந்தது.

அதே மாடியில் இன்னொன்றையும் அவள் பார்த்திருக்கிறாள். ஜி.எஸ்.டி. பகுதி முழுவதையும் எழுதிய பையனுக்கு மஞ்சள்காமாலை. இருபதாம் தேதி கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், ஏதோ தகராறு. கீழாநெல்லி குடித்துப் படுத்திருந்தவனை போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டு, வரி வரியாகச் சொல்லச் சொல்லித் திருத்தியிருக்கிறார்கள். அவன் இல்லாமல் நடக்கவே நடக்காது. என் அப்பாவும் அப்படித்தான், அவர் இல்லாமல் பன்னிரண்டு மாவும் நடக்காது. அதனால்தான் அறுபத்தாறு வயதில் ஐந்து ராத்திரி சாக்கில் படுத்தார். ஒருவர் தேவைப்படும் இடம் அவரை எவ்வளவு மதிக்கிறதோ அவ்வளவு தின்னவும் செய்யும். 20 பேருக்குக் குறைவாக இருந்தால் வருங்கால வைப்பு நிதி கட்டாயமில்லை என்ற கணக்கும் இருக்கிறது. அதை அவள் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.

பெரிய கம்பெனியிலும் பத்திரம் என்பது முன்னைப்போல இல்லை. 2025 ஜூலையில் நாட்டின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனமே தன் ஆட்களில் சுமார் 2 சதவீதத்தை, 12,000 பேரை, குறைப்பதாக அறிவித்தது. அதில் அதிகம் நடுமட்டத்திலும் மேல்மட்டத்திலும் இருப்பவர்கள், அதாவது என் வயதுக்காரர்கள். அந்த வாரம் முழுக்க எங்கள் தளத்தில் யாரும் யாருடைய கண்ணையும் பார்க்கவில்லை. ஒன்பது பக்கத்தைப் படித்து வேலை செய்ய இப்போது அந்தப் பையன்கூடத் தேவைப்படாமல் போகலாம் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு ஆறாத ஒன்று உண்டு. அந்த எட்டு வருடத்தில் முதல் நாலு வருடத்தில் நான் கற்றதுதான் அந்த ஒன்பது பக்கமும். அடுத்த நாலு வருடத்தில் ஒரு வரிகூடச் சேரவில்லை. குழந்தை, வீட்டுக் கடன், பழகிய இருக்கை, எட்டு மணிக்கு முன்னால் வீடு. வேறு புராஜெக்டுக்கு மாறக் கேட்டிருக்கலாம். பெரிய கம்பெனியில் அதற்கு வழி உண்டு, கேட்டவர்களுக்குக் கிடைத்ததையும் பார்த்திருக்கிறேன். நான் கேட்கவில்லை. தண்ணீர் முறை வந்தும் மடையைத் திறக்காமல் வரப்பில் உட்கார்ந்திருந்தவள் ஆற்றைக் குறை சொல்லக்கூடாது.

தீபாவளிக்கு முந்தின வாரம் அக்கா மகளிடம் பேசினேன். பெரிய கம்பெனிக்குப் போ என்றுதான் சொன்னேன். அத்தானுக்குச் சர்க்கரை நோய், சொந்த நிலம் இல்லை, அவளுக்குக் கீழே ஒரு தம்பி படிக்கிறான். விழுந்தால் தாங்க ஒரு அட்டை அந்த வீட்டுக்கு வேண்டும். ஆனால் சேரும் தேதி வரும்வரை கும்பகோணத்துக்குப் போ, அந்த எடைமேடை அக்காவை மாதிரி இன்னும் பத்துப் பேரைப் பார்த்துவிட்டுப் போ என்றேன். கடிதம் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காக்கவைத்த கதைகள் அவளுக்கும் தெரியும். அங்கே போனபிறகு வருடத்துக்கு ஒருமுறை ஹேண்டோவர் டாக்குமெண்ட் ஒன்றை எழுதிப் பார், யாரும் கேட்காவிட்டாலும் எழுது, போன வருடத்தைவிடப் பக்கம் கூடவில்லை என்றால் அன்றைக்கே இடத்தை மாற்றக் கேள் என்றேன். "சரி சித்தி" என்றாள். கும்பகோணத்தில் போன திங்கட்கிழமை சேர்ந்துவிட்டாள். அந்தக் கடிதம் வந்தால் போவாளா என்று அக்கா இப்போது என்னைக் கேட்கிறாள்.

மன்னை எக்ஸ்பிரஸில் மாதம் இரண்டு தடவை ஊருக்குப் போகிறேன். அப்பாவுக்கு வலக்கையில் பேனா பிடிக்க வராது. அவர் கம்பை ஊன்றிக்கொண்டு வரப்பில் முன்னால் போக, நான் நோட்டுப் புத்தகத்தோடு பின்னால் போகிறேன். அறுபத்து நாலு பக்கம் எழுதியாகிவிட்டது, இன்னும் மூன்று மா தாண்டவில்லை. போன சனிக்கிழமை வடக்கு வரப்புக்குப் பக்கத்தில் நின்று, "இங்க அடியில தண்ணி கசியும்" என்றார். எந்த இடத்தில் என்று கேட்டேன். கம்பால் காட்டினார். எத்தனை அடி தள்ளி என்று கேட்டு எழுதப் போனேன். "அத எழுதுனா தெரியாது ஆயி. எறங்கி கால வச்சுப் பாரு" என்றார்.

நோட்டை வரப்பில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். சேறு வெயிலில் வெதுவெதுப்பாக இருந்தது. நாலு எட்டு வைத்தபின் ஓரிடத்தில் மட்டும் உள்ளங்காலில் சில்லென்றது.